ஏழு இட்லி

"ஏம்மா, பையனுக்குச் சோறு போடுறியா இல்லியா?"

டாக்டர் அப்படிக் கேட்டதிலிருந்து பொற்கொடிக்கு மனசே ஆறவில்லை. பதினைந்து வயது நிலவனுக்கு இரண்டு வருடமாக அதே பேண்ட். இரவில் அவன் சாப்பிடுவதை ஒரு மாதம் எழுதிவரச் சொன்னார் டாக்டர். கணவன் செங்குட்டுவன் ஷிப்ட் குறிக்கும் காலண்டரிலேயே எழுதிவந்தாள்.

மாதக் கடைசி. செங்குட்டுவன் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அவன் துன்னும்போது பக்கத்துல குந்திகினு தெனம் சொல்றேன், உன் வயசுப் பசங்க பனமரமாட்டம் நிக்கிறானுங்க, நீ கத்திரிச்செடியாட்டம் கீறன்னு. ரோஷம் வருதா? எல்லாம் நீ குடுக்கிற செல்லம்! எத்தினி இட்லிதான் துன்றான்? படி."

"நீங்களே படிங்க. எனக்கு அலுத்துப்போச்சு."

காலண்டரைக் கழற்றி உரக்கப் படித்தான்.

"ஏழு, ஆறு, ஏழு... அடுத்த ரெண்டு வாரமும் ஒண்ணு, ஒண்ணரை. இந்த வாரம் மறுபடி ஏழு! அப்ப மட்டும் என்னா செஞ்சு போட்ட?"

"அதே இட்லி, அதே சட்னிதாங்க."

அவன் விரல் கட்டங்களின் மேல் நின்றது. ஏழு வந்த இரண்டு வாரங்களிலும் அவன் கையெழுத்தே இருந்தது: 'செகண்ட் ஷிப்ட்'. இரவு பத்து மணிக்கு மேல்தான் அவன் வீடு திரும்பிய வாரங்கள்.

காலண்டரை ஆணியில் மாட்டினான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.