ஒரு தடவை இழுத்தால்

முதலில் அது தன் மூச்சு என்றுதான் நினைத்தாள்.

ஹெட்ஃபோனுக்குள் எல்லாமே பெரிதாகக் கேட்கும். எச்சில் விழுங்கினால்கூட இடி மாதிரி.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அது நிற்கவில்லை.

இடது காதில், நிதானமாக, நீளமாக. உள்ளே போனது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. இத்தனை காற்று கொள்ளும் நெஞ்சு மனிதருக்குக் கிடையாது.

யானை.



சுற்றிலும் காலைப் பனிமூட்டம். தேயிலைச் செடி நாலு வரிசைக்கு மேல் தெரியவில்லை. காட்டின் விளிம்பில் வலப்பக்க மரத்தில் ஒரு மைக், இடப்பக்க மரத்தில் ஒரு மைக். இரண்டும் பனிக்குள் மறைந்திருந்தன. வலது மைக் பிடிப்பது வலது காதில் கேட்கும், இடது மைக் பிடிப்பது இடது காதில். நடுவில் அவள், தார்ப்பாயில் சம்மணம் போட்டு. மைக் பிடிக்கும் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ப்ரீஆம்ப் பெட்டிகள் இரண்டும் மடியில்.

பழைய பெட்டி போதுமா, புதுசு வேண்டுமா என்று பார்க்கத்தான் அவளும் புருஷனும் வந்தார்கள். அடுத்த வாரம் காட்டுக்குள் போய்ப் பறவைச் சத்தம் பதிய வேண்டும். எதை எடுத்துப் போவது?

"பழசுக்கு என்ன கேடு? குருவி கத்துறது கேக்குதுல்லா, அது போதாதா?" என்றான் ஜெபஸ்டின், கிளம்பும்போதே. கட்டிய நாளிலிருந்து அவள் வாங்குகிற எதற்கும் அவனிடம் ஒரு முணுமுணுப்பு உண்டு. முணுமுணுத்துக்கொண்டே சுமந்தும் வருவான்.

பழைய பெட்டியில் முதலில் பதிந்தார்கள். குருவி கேட்டது. கூடவே 'உஸ்' என்று ஓயாத இரைச்சல். பாழாய்ப்போன பெட்டி. அதைக் கழற்றிப் புதுசை மாட்டினாள். இரைச்சல் சுத்தமாகப் போனது.

போன இடத்தில் மூச்சு இருந்தது.

அப்படியென்றால் அது இப்போது வந்ததில்லை. இரைச்சலுக்குப் பின்னால் அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறது.

ஜெபஸ்டின் வலப்பக்கம் போயிருந்தான். காற்று இரையாமலிருக்க அந்த மைக்குக்குப் போட்டிருந்த பஞ்சுத் தொப்பி நழுவிவிட்டது, அதைச் சரிசெய்ய. யானை இடப்பக்கம். நல்லவேளை என்று அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

கூப்பிட முடியாது. குரல் கேட்டால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யார் கண்டது?

பதிவு ஓடும்போது அவர்கள் பேசிக்கொள்வதில்லை. வயர்தான் பேசும். ஒரு தடவை இழுத்தால், அப்படியே நில், அசையாதே. இரண்டு தடவை இழுத்தால், வந்துவிடு.

வலது மைக்கின் வயரில் சிவப்பு நாடா சுற்றியிருக்கும். அதைத் துழாவிப் பிடித்து ஒரு தடவை இழுத்தாள்.

அங்கேயே நில்லு ராசா. இது போய்த் தொலையட்டும்.

மூச்சு. மறுபடி மூச்சு.

அதோடு ஒரு 'டக்'.

சின்னச் சத்தம். பல்லில் மிட்டாய் இடிக்கிற சத்தம். சளி பிடித்தால் ஜெபஸ்டின் சுக்கு மிட்டாயை வாயில் போட்டுக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிக்கொண்டே இருப்பான். அதில் எத்தனையோ பதிவு கெட்டிருக்கிறது. எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

அது இடது காதில் கேட்டது.

மூச்சு கேட்கிற அதே காதில்.

வலது காதில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. வேறொன்றுமில்லை.

குனிந்து பார்த்தாள்.

பெட்டியின் இடது துளையில் சிவப்பு நாடா வயர்.

மாற்றிச் செருகியிருக்கிறாள். விரல் குளிரில் விறைத்திருந்தது, கண்ணெல்லாம் புதுப் பெட்டியின் குமிழ்களில் இருந்தது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு.

யானைக்குப் பக்கத்தில் நிற்கிறவனை அசையாதே என்று சொல்லியிருக்கிறாள். அவனும் நிற்கிறான். அவள் சொன்னதை முணுமுணுக்காமல் கேட்டது இன்றைக்குத்தான்.

வா என்று இழுக்கலாமா? நடந்தால் சருகு நொறுங்கும். இழுக்காவிட்டால்?

மாதாவே என்றாள், உதடு மட்டும்.

மூச்சு கொஞ்சம் தேய்ந்தது. அடுத்தது இன்னும் தேய்ந்தது.

பிறகு இல்லை.

காத்திருந்தாள். இல்லை. போய்விட்டது.

'டக்' கேட்டது. இருக்கிறான். கண்ணில் நீர் முட்டியது. இனி ஆயுசுக்கும் அந்த மிட்டாய்க்காக அவனைத் திட்டப் போவதில்லை.

இரண்டு தடவை இழுக்க வயரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

அவள் இழுக்குமுன் வயர் இழுபட்டது. அந்த முனையிலிருந்து.

ஒரு தடவை.

இரண்டாவதற்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றினாள்.

மூச்சு கேட்டது.