பேர் இருக்கட்டும்

"அட்டையில 'சுயசரிதை'ன்னு போட்டா சீந்த ஆள் இருக்காதும்மா. 'அந்தரங்கம்'னு போடுவோம், அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க" என்றார் பதிப்பாளர். அடுத்தவர் வீட்டுச் சங்கதி என்றால் அவர் முகத்தில் தனிக் களை வந்துவிடும்.

"எதையாவது போடுங்க" என்றாள் முன்னாள் நடிகை. "இருட்டுறதுக்குள்ள நான் வீடு போகணும். அவருக்கு ஊசி போடணும். ஒரு வேளை தவறினாலும் உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நர்ஸ் வெச்சுக்கக் கூடாதா?"

"வேற யாரையும் கிட்ட விடமாட்டார்."

"புருஷனைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கறீங்க" என்று நெகிழ்ந்த வக்கீல், சிவப்புப் பேனாவைத் திறந்தார். அச்சுக்குப் போகுமுன் வழக்கு வராதபடி புத்தகத்தைச் சலித்துக் கொடுப்பது அவர் வேலை.

"இந்த டைரக்டர் இருக்காரா?"

"போய்ச் சேர்ந்துட்டார்."

"அப்போ பேர் இருக்கட்டும். செத்தவங்க கேஸ் போட மாட்டாங்க. இந்த ஹீரோ?"

"பேரன் பேத்தியோட சௌக்கியமா இருக்கார்."

பேரின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

கடைசி அத்தியாயத்தில் பேனா நின்றது. வாய்ப்புத் தருவதாக அழைத்து, அறைக் கதவைப் பூட்டி, அவளைச் சீரழித்தவனைப் பற்றியது அது. படித்து முடித்த வக்கீலின் முகம் கறுத்துவிட்டது.

"இந்தப் படுபாவி இருக்கானா?"

"இருக்கான்."

"அப்போ பேர் போட முடியாதும்மா."

"இந்த ஒரு பேரை ஊருக்குச் சொல்லணும்னுதான் சார் மொத்தப் புத்தகத்தையும் எழுதினேன்." அவள் குரல் உடைந்தது.

"புரியுது. ஆனா அவன் உயிரோட இருக்கிற வரைக்கும் நம்ம கையைக் கட்டிப் போட்ட மாதிரிதான்."

அவள் ஆறிப்போன தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தெருவிளக்குகள் எரிந்தன. பதிப்பாளர்தான் முதலில் பதறினார்.

"அம்மா, இருட்டிடுச்சு! ஊசி... கிளம்புங்க, நானே கார்ல கொண்டுபோய் விடறேன்."

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு விஷயம் வெளியே தெரிஞ்சதும், குடும்ப மானம் போயிடுமேன்னு என்னை அவனுக்கே கட்டி வெச்சுட்டாங்க சார். பேர் இருக்கட்டும்."