கிட்டங்கியில் பெருச்சாளி

"எல்லாம் பெருச்சாளி பாத்த வேலை மாமா" என்றாள் பிரவீணா, முகத்தை ரொம்பப் பாவமாக வைத்துக்கொண்டு. கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியின் தரையில் சின்னதும் பெரியதுமாக நட்டுகள் கலந்து குவிந்து கிடந்தன. அளவுவாரியாகப் பிரித்து வைத்திருந்த டப்பாக்கள் எல்லாம் மூலைக்கு ஒன்றாக உருண்டு கிடந்தன.

மாமனார் சங்கரலிங்கம் குனிந்து ஒரு டப்பாவின் திருகு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது சரி" என்றார்.

அந்தப் பெருச்சாளி கையில் வளையல் போட்டிருந்தது என்பது நமக்கு மட்டும் தெரிந்த சங்கதி. நேற்று கடை அடைக்கிற நேரத்தில் பிரவீணாதான் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கலந்தாள். வேறு என்னதான் செய்வாள்? அருப்புக்கோட்டையில் பேர் வாங்கிய இரும்புக்கடையை மருமகள் கையில் கொடுத்துவிட்டேன், இனி எனக்கு ஓய்வு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், மறுநாளே கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தால்கூடப் பரவாயில்லை, வாய் சும்மா இருக்காது. பூட்டு வாங்க வந்தவரிடம், உம்ம வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று கேட்பார். கதவுக்குப் புதுக் கீல் கேட்டு வந்தவரை, பழைய கீலுக்கு எண்ணெய் விட்டால் போதும் என்று திருப்பி அனுப்புவார். கடை தன் கையில் இருந்தவரை இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. கைமாறிய பிறகுதான் நியாயமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

இன்றைக்குக் குமாரலிங்கபுரம் பக்கம் பெரிய பெரிய கொட்டகைகள் போடுகிற காண்ட்ராக்டர் உதயகுமார் சரக்கு எடுக்க வருகிறார். வழக்கமாக அவர் பின்தெருப் பாண்டீஸ்வரனின் இரும்புக்கடையில்தான் சரக்கு எடுப்பார். கெஞ்சிக் கூத்தாடியதில், இங்கேயும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிமிர்ந்துவிடும். இல்லாவிட்டால் புருசன் சொல்கிறபடி கடையைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கிளம்ப வேண்டியதுதான். பிரவீணாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"நீங்கதான் பிரிக்கணும் மாமா. வேற யாருக்கு அளவு பிடிபடும்?" என்று குழைந்தாள்.

அவர் உடனே சம்மதித்ததில் அவளுக்கே ஆச்சரியம். எதிர்த்த பருப்பு மண்டியில் பெரிய கண், நடுக்கண், சின்னக் கண் என்று மூன்று சல்லடைகளை இரவல் வாங்கி வந்தார். காற்றுக்காகப் பின்வாசலைத் திறந்து வைத்தார். கடைப்பக்கக் கதவை மட்டும் சாத்தச் சொன்னார்.

"இடையில யாரும் கூப்பிடாதீக. கவனம் சிதறிப்போகும். சோத்துக்கு நானே வாரேன்."

கொஞ்ச நேரம் உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது. பிறகு அடங்கிவிட்டது. மனிதர் சாக்கில் சாய்ந்து தூங்கிவிட்டார் போலிருக்கிறது, தூங்கட்டும் மகராசன் என்று பிரவீணா நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கடையில் என்ன மாயமோ தெரியவில்லை. பாண்டீஸ்வரன் கடையைத் தவிர வேறு கடைப்படி ஏறாதவர்கள்கூட வந்து நின்றார்கள். மத்தியானத்துக்கு முன்னால் உதயகுமாரும் வந்துவிட்டார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க.

"மொதல்ல பாண்டீஸ்வரன் கடைக்குத்தான் போனேன். அங்க வாங்க மனசு வரலம்மா. நீங்க வெலையச் சொல்லுங்க."

சொன்னாள். அவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், இவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள். போல்ட், நட்டு, கூரைக் கொக்கி என்று மொத்த ஆர்டரையும் கொடுத்து, முன்பணத்தை அங்கேயே போனில் அனுப்பிவிட்டுப் போனார். மாமாவை உள்ளே அனுப்பிய தன் புத்தியை நினைத்துப் பிரவீணாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சங்கரலிங்கம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தார். நட்டெல்லாம் டப்பாவில் அளவுவாரியாக ஏறியிருந்தன. கிரீஸ் பூசிய சரக்கு, ஆனால் வேட்டியில் ஒரு கறை இல்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் அடுக்க வேண்டியிருக்கிறது என்று மறுபடி உள்ளே போனார்.

சாயங்காலம் பாண்டீஸ்வரன் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, கடை வாசலில் தொப்பென்று போட்டான். ஆர்டர் போன ஆத்திரத்தில் சண்டைக்கு வந்துவிட்டான் என்று பிரவீணா கல்லாவை விட்டு எழுந்தாள்.

"சண்டைக்கு வரல தாயி. இதுல என் கடை நட்டு, ஆணி, கொக்கி, சங்கிலி அம்புட்டையும் கலந்து வச்சிருக்கேன். எந்தச் சல்லடைக்கும் சிக்காது. நாளைக்கு இதையும் பெரியவுககிட்ட குடுத்துப் பிரிக்கச் சொல்லு, புண்ணியமாப் போகும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா காலையிலிருந்து கிட்டங்கியை விட்டு வெளியே வரவில்லையே என்றாள்.

"யாரு சொன்னது? சல்லடை போட்டு அரை மணி நேரத்துல பிரிச்சாச்சு, பொழுது போகலடேன்னு பின்வாசல் வழியா வந்து என் கல்லாப் பக்கத்துல உக்காந்துட்டாக. சோத்துக்கு எந்திரிச்சுப் போனவுக, திரும்பியும் வந்துட்டாக. வந்த ஆளுக்கெல்லாம் புத்தி சொல்லி அனுப்பிட்டாக, அந்தக் காண்ட்ராக்டரையும் சேத்து. வயசுல பெரியவுகளை எந்திரிங்கன்னு எப்படிச் சொல்ல?"

பிரவீணா கிட்டங்கிக்கு ஓடினாள். சங்கரலிங்கம் சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, அவள் கை வளையலை ஒருதரம் பார்த்தார்.

"நாளைக்கும் பெருச்சாளிய வரச் சொல்லும்மா."