கெளுத்தி முள் குத்திய கால்

"காலுல இம்மாம் பெரிய கட்டு போட்டுகினு இன்னாத்துக்குக்கா பார்க்குக்கு வந்தே? வூட்டாண்டயே குந்தினு இருந்திருக்கலாம்ல?"

சக்கர நாற்காலியைத் தள்ளியபடி கேட்டாள் செல்லக்கனி. வியர்வை அவள் மூக்கு நுனியில் வந்து சொட்டியது. நாற்காலியில் காசிமேட்டு மீன் மார்க்கெட்டின் எண்பத்தைந்து கிலோ குப்பம்மா, வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு மகாராணி கணக்காக உட்கார்ந்திருந்தாள்.

"ஏன், கெளுத்தி முள்ளு குத்துனவ ராட்டினம் பாக்கக் கூடாதா? பள்ளத்துல உடாம தள்ளுடி."

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, மீன் விற்கும் பெண்கள் பதினாறு பேர் வேன் பிடித்து இந்தத் தீம் பார்க்குக்கு வந்திருந்தார்கள். வருஷத்தில் அவர்களுக்கு இந்த ஒரு நாள்தான் கூத்து. காலையிலிருந்து சறுக்கில் விழுந்தார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி உருண்டார்கள். குளத்தில் மெஷின் அலை எழும்பியபோது, "நம்மூட்டு வாசல்ல சும்மா அடிக்கிறதுக்கு இங்க டிக்கெட்டுடி" என்று ஒருத்தி சொல்ல, சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு பிடித்துக்கொண்டது.

சிரிப்பில் சேராதவள் ஒருத்திதான். குப்பம்மாவின் மருமகள் ரேகா. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கால் நோவுது, கூடவே இரு என்று மாமியார் அவளை நாற்காலியை விட்டு இரண்டடி நகரவிடவில்லை. அதோடு விட்டாளா? சறுக்குப் பக்கம் எட்டிப் பார்த்தால், "வழுக்கி வுயுந்து மானத்த வாங்காதே." சோத்துக் கூடையைத் தூக்கப் போனால், "நீ கொட்டிடுவே, வை." நாற்காலியைத் தள்ள வந்தால், "உனக்கு ஒயுங்கா தள்ளத் தெரியாது, செல்லக்கனி தள்ளட்டும்." செல்லக்கனி ஆசையாக வாங்கிக் கொடுத்த அன்னாசிக் கீற்றைக்கூட, அது அந்தப் பெண்ணின் வாய்க்குப் போகும் முன்பே பிடுங்கித் தானே தின்றுவிட்டாள் பாவி.

செல்லக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பெண்ணை ஒரு தடவையாவது கொலம்பஸில் ஏற்றாமல் இன்றைக்கு வேனில் ஏறுவதில்லை என்று மனசுக்குள் சபதம் போட்டாள்.

கொலம்பஸ் என்றால் அங்கே முன்னும் பின்னும் வானத்துக்குப் பறக்கும் ஊஞ்சல் கப்பல். அதன் வரிசையில் நிற்கும்போதே பெண்கள் கூச்சல் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"ரேகா, நீயும் வா கண்ணு. நம்ம ஆம்பளைங்க தான் தெனம் போட்டுல ஆடிகினு வராங்க. இன்னிக்கு நாம ஆடலாம்."

"வேணாங்க்கா. அத்தைக்குக் காலு..."

"காலா?" செல்லக்கனி குனிந்து கட்டைப் பார்த்தாள். "யக்கா, கெளுத்தி குத்துனா காலு பூசணிக்கா மாதிரி வீங்கும். ஒனக்குக் கொலுசு தொளதொளன்னு ஆடிகினு கீது."

"பச்சிலை வச்சுக் கட்டுனேன், வத்திச்சு. நீ டாக்டரா?"

செல்லக்கனி ரேகாவின் கையைப் பிடித்தாள், இழுத்துக்கொண்டு நடந்தாள். ரேகா வேணாம் வேணாம் என்று கதறினாள். மாமியாருக்குப் பயந்து சொல்கிறாள் என்று செல்லக்கனி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருஷமாக ஐஸ் பெட்டி தூக்கிய கை அது, ரேகாவால் அதைப் பிடுங்கிக்கொள்ள முடியுமா? கதவு திறந்தது. ரேகாவின் ஒரு கால் கப்பல் படியில் ஏறிவிட்டது.

"ஏய், உடுடி அவள."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குப்பம்மா நாற்காலியை விட்டு எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். நடை அல்ல, ஓட்டம். வரிசையில் நின்ற நாலு பேரை இடித்துத் தள்ளி, தடுப்புக் கம்பியைத் தாண்டிக் குதித்து, மருமகளைக் கீழே இழுத்துத்தான் நின்றாள். அவிழ்ந்த கட்டு வால் மாதிரி பின்னால் கிடந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை.

"யக்கா, காலுல ஒண்ணுமே இல்லியே," என்றாள் செல்லக்கனி.

"இல்ல தான்."

"அப்பால இன்னாத்துக்கு இந்த டிராமா?"

குப்பம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "எனக்கு ஏற பயம். மாமியாக்காரி கீய குந்தினு இருக்க, மருமவ மட்டும் மேல போயி ஆடணுமா?"

"த்தூ, உனக்கெல்லாம் மனசாட்சி கீதா? உன்னத் தள்ளித் தள்ளி என் இடுப்பே பூடுச்சு. ஒரு பொண்ணு சிரிச்சா ஒனக்குப் பொறுக்காதா?"

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். இனி வேனில் இவள் பக்கத்தில் எவளும் உட்காரக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, கோபத்தோடு கப்பலில் ஏறினார்கள். கப்பல் ஆடத் தொடங்கியதும் கோபமெல்லாம் மறந்து, ஐயோ அம்மா என்று மேலே ஒரே கூச்சலும் கும்மாளமும்.

கீழே ரேகா குனிந்து, மாமியாரின் காலில் அந்தக் கட்டைத் திரும்பவும் சுற்றினாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"எல்லாரும் உங்களக் காறித் துப்புறாங்களே அத்தே. மனசு கேக்கல. நான் சொல்லிடட்டுமா?"

"வாயத் தெறக்காதே," என்றாள் குப்பம்மா, வெயில் படாமல் மருமகளின் முந்தானையை அவள் தலைமேல் இழுத்துவிட்டபடி. "போன வாட்டி ரெண்டாம் மாசமே மார்க்கெட் பூரா சொல்லி, கண்ணு பட்டுத் தான் கலைஞ்சு பூடுச்சு. இன்னிக்கு நீ வராம இருந்திருந்தாகூட அந்தச் செல்லக்கனி மோப்பம் புடிச்சிருப்பா. மூணு மாசம் முடிய இன்னும் பன்னெண்டு நாளு தானே கீது, அது வரைக்கும் நான் கொடுமைக்காரியாவே இருந்துட்டுப் போறேன்."