கோட்டின் இன்னொரு கை

காலையில் மருத்துவம், மதியம் மருத்துவமனை பற்றிய ஆராய்ச்சி என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பவன் எட்வின். மதியம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்து, நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். யாருக்கும் உதவக் கூடாது. உதவினால் காத்திருப்பு குறைந்து ஆராய்ச்சி கெட்டுவிடும்.

அன்று எதிர் பெஞ்சில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். அது என்ன நோயென்று காலை வகுப்பில்தான் எட்வின் சரியாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தான்.

“தம்பி, காலைல நாங்க வந்தப்ப நீங்க டாக்டரா இருந்தீங்களே?” என்றாள் அவர் மனைவி.

“ஆமாம்மா. இப்ப இல்ல.”

“மறுபடி எப்ப ஆவீங்க?”

“டேய், கோட்டைப் போட்டே, நம்ம மூணு மாச வேலை காலி” என்று காதருகே கிசுகிசுத்தாள், கூட ஆராய்ச்சி செய்யும் பர்வீன். ஆனால் அவளும் அந்த மனிதரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்வின் எழுந்து கோட்டில் ஒரு கையை நுழைத்தான். அதோடு நின்றுவிட்டான்.

அந்த அம்மாள் அவன் பின்னால் வந்து, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவதுபோல, கோட்டின் இன்னொரு கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.