இருபத்திரண்டாவது தாள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சருக்கு வகுப்பில் மொத்தமே இருபத்தொரு பேர். திங்கட்கிழமை, தான் ஒருத்தியே இருக்கும் வீட்டில் திருத்த உட்கார்ந்தால் இருபத்திரண்டு தாள் இருந்தது. பெயரில்லாத ஒன்றில், ‘ஐ ஆம் ஸ்டாண்டிங் அவுட்சைட் யுவர் ஹவுஸ் சின்ஸ் சாட்டர்டே’ என்று எழுதியிருந்தது.

“கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. இன்னும் ‘ஐ ஆம்’!” என்று அடித்துவிட்டு, ‘ஹேவ் பீன்’ என்று சிவப்பில் எழுதினாள்.

செவ்வாயன்றும் ஒரு தாள் கூடுதல். ‘ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் அவுட்சைட் யுவர் ஹவுஸ் சின்ஸ் த்ரீ டேஸ்.’

“நாள் கணக்குன்னா ‘ஃபார்’ போடணும், மண்டு!” தாள் கிழிகிற மாதிரி சுழித்தாள்.

புதனன்று ஆபீஸ் கிளார்க்கிடம் எரிந்து விழுந்தாள். “யாருங்க இந்த அதிகப்பிரசங்கி?”

“இருபத்தொரு தாளத்தான் டீச்சர் எண்ணிக் கட்டியிருக்கேன்.”

வீட்டில் கட்டைப் பிரித்தாள். இருபத்திரண்டாவது தாளில், ‘ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் இன்சைட் யுவர் ஹவுஸ் ஃபார் ஏன் ஹவர்.’

‘ஹேவ் பீன்’ சரி. ‘ஃபார்’ சரி. ‘ஹவர்’ முன்னால் ‘ஏன்’ கூடச் சரி.

தலையைத் தூக்காமலே, ஒரு பிழையாவது இருக்காதா என்று முதல் வார்த்தையிலிருந்து மறுபடி தேடத் தொடங்கினாள்.