அப்பா என்று எழுதிய தாத்தா

"ஐம்பத்தெட்டு வயசுல உங்களுக்கு மூணு வயசுப் பிள்ளையா?"

நான் கேட்டதும் செக்‌ஷனே சிரித்தது. இப்போது நினைத்தால் கூனிக் குறுகிப் போகிறேன். அப்போது எனக்கும் சிரிப்புதான் வந்தது.

எங்கள் ஆபீஸ் எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். குழந்தைப் பராமரிப்பு லீவு ஃபாரத்தில், 'குழந்தைக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் 'அப்பா' என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"பேரன்தான் மேடம், மக பிள்ளை. போன மாசம் தாத்தான்னு எழுதினேன், திருப்பி அனுப்பிட்டீங்க."

"பெத்தவங்களுக்கு மட்டும்தான் அந்த லீவு. ரூல் அப்படி, நானா போட்டேன்? பொய் எழுதினதுக்கு மெமோ கொடுக்கணும், தெரியுமா?"

"காய்ச்சல் நூத்திமூணு மேடம். பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். அவங்களும் பதினோரு மணிக்கு வேலைக்குக் கிளம்பிடுவாங்க. என் சொந்த லீவெல்லாம் தீர்ந்துபோச்சு."

"அப்பன்காரன் எங்க?"

"கப்பல்ல வேலை. வர நாலு மாசம் ஆகும்."

"சரி, பெத்தவ என்ன பண்றா? அவ லீவு போட மாட்டாளாமா?"

"போடத்தான் பார்த்தா. அவ வேலை பார்க்கிற இடத்துல ஒரு மேடம் கூடாதுன்னுட்டாங்களாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன ஜென்மம் அது? பச்சைப் பிள்ளை காய்ச்சல்ல கிடக்குது, ஈவு இரக்கம் வேண்டாம்? மகளுக்குப் போன் போடுங்க. அந்தம்மா நம்பரை வாங்கி நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கிறேன்."

"வேண்டாம் மேடம், விடுங்க."

"போடுங்கன்னா போடுங்க."

போட்டார். போனை நானே வாங்கி, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம் மேடம்" என்றார் மெல்ல. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உங்க அப்பா ஆபீஸ்லேர்ந்து பேசறேன்மா. உன்னை லீவு போட விடாத அந்த மகராசி யாரு?"

 அந்தப் பக்கத்திலிருந்து, நான் தினமும் கேட்கிற குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"மேடம், நீங்களா? கவலைப்படாதீங்க, உங்க பாப்பா இங்க குழந்தைகள் காப்பகத்துல இப்பதான் தூங்கினா. 'நீ வந்தே ஆகணும், உன் பிள்ளையை அவன் தாத்தா பார்த்துக்கட்டும்'னு காலையில போன்ல சொன்னீங்களே, அதான் அப்பாவை லீவு கேட்கச் சொல்லி அனுப்பினேன்."